பதினோரு மணிக்கு எத்தனை கை

அஷ்வினி எழுதிய நிரலுக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும். பலர் சேர்ந்து செய்கிற ஒரு வேலையில், மிக நெருக்கடியான நேரத்தில், எத்தனை காரியங்கள் ஒன்றாக நடந்துகொண்டிருக்கும்? அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்க அவளுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. கொள்ளேகாலில் இருந்த அம்மா போனில், "இன்னும் ஒரு மாசம் போனா பிள்ளையே பொறந்துருமேடி" என்று சிரித்தாள்.

நிரலுக்கு வேலையைப் படமாக வரைந்து கொடுக்க வேண்டும். ஒரு காரியத்துக்கு ஒரு பெட்டி. ஒன்று முடிந்து அடுத்தது என்றால் நடுவில் ஓர் அம்பு. அம்பு இரண்டாகப் பிரிந்தால் இரண்டும் ஒன்றாக நடக்கும் என்று பொருள். ஒவ்வொரு பெட்டிக்கும் குறைந்தது எத்தனை நிமிடம், கூடினால் எத்தனை நிமிடம் என்றும் எழுத வேண்டும். இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம் என்று எல்லா வழிகளையும் போட்டுப் பார்க்கத் தொடங்கினால் சின்னப் படத்துக்கே கணினி நாள் கணக்கில் மூச்சு வாங்கும். அஷ்வினி வேறு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்கக்கூடும், எவ்வளவு தாமதமாக முடியக்கூடும் என்பதை மட்டும் ஒரு கோடாக இழுப்பது. எல்லாக் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. எந்த நிமிடத்தில் அடுக்கு உயரமாக இருக்கிறதோ, அதுதான் விடை. அந்த விடை உண்மையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக வரலாம். குறைவாக வரவே வராது. அதைக் காகிதத்தில் நிரூபித்திருந்தாள். நிரூபித்த அன்று அறைக்கு நடந்தே போனாள். மைசூர் ஹெப்பாளின் தொழிற்சாலைப் புகைகூட அன்று யாரோ அவளுக்காகப் பிடித்த தூபம்போலத் தோன்றியது.

அவள் நிறுவனத்தில் மொத்தமே பதினான்கு பேர். நிரலை விற்கிற பொறுப்பு சந்துருவுடையது. அவளுக்கு மூத்தவன், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், நாலு சொல்லுக்கு ஒரு சொல் கன்னடம் பேசுவான். அவன் பிடித்துவந்த முதல் வாடிக்கையாளர் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் டயாலிசிஸ் பிரிவில் ஆட்கள் அதிகமா, குறைவா என்று நிர்வாகி நஞ்சுண்டசாமிக்குத் தெரிய வேண்டுமாம்.

பிரிவில் எட்டு இயந்திரங்கள். காலை ஆறரைக்கு எட்டு நோயாளிகள் படுப்பார்கள். பதினோரு மணிக்கு அந்த எட்டுப் பேரும் இறங்க வேண்டும், அடுத்த எட்டுப் பேர் ஏற வேண்டும். அந்த ஒரு மணி நேரம்தான் நெருக்கடி. மூன்று டெக்னீஷியன்கள், ஒரு நர்ஸ், மூன்று ஆயாக்கள், ஆக ஏழு பேர் அதைச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

அஷ்வினி மூன்று நாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு மூலையில் உட்கார்ந்தாள். மூத்த டெக்னீஷியன் ரூபா தன் வேலைகளைப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "ஊசி எடுக்கிறது, மூணு நிமிஷம். மெஷின் கழுவ விடுறது, இருபது. எடை பாக்கிறது, ரெண்டு. எழுதிக்கிட்டீங்களா மேடம்?"

எழுதிக்கொண்டாள். ஆனால் பதினோரு மணிக்கு அவள் கண்ணில் பட்டது வேறு. பாப்பாத்தி என்கிற ஆயா இரண்டு கட்டில்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒருவரின் முழங்கைக்குக் கீழே அவளுடைய வலது கை, அந்தப் பக்கம் ஓர் அம்மாளின் கையில் அவளுடைய இடது கை. சிலுவைபோல் கையை விரித்து, அசையாமல் நின்றாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பாத்தா தெரியலையா அம்மிணி? ரெண்டு பேரையும் கைப்பிடிச்சுக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

வலது பக்கம் படுத்திருந்த சகாயநாதன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சு தாயி. மெட்டில்டா காதுல விழுந்தா என்னை மெஷினோட சேத்துப் புதைச்சிடுவா."

பாப்பாத்தி கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளிக்காரி, அஷ்வினியும் கொள்ளேகால் பெண் என்று தெரிந்ததும் அவளோடு ஒட்டிக்கொண்டாள். ஊசி எடுத்த துளையில் ரத்தம் நிற்கப் பத்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று விளக்கினாள். இறுக்கிக் கட்டுப் போட்டால் ஆகாது. அந்தக் கையில் ரத்தக்குழாயை அறுவை செய்து இணைத்திருப்பார்கள், அது அடைத்துப்போனால் அந்தக் கை வழியாக டயாலிசிஸ் கிடையாது.

"உன்ற விரலக் குடு." அஷ்வினியின் விரலைப் பிடித்துச் சகாயநாதனின் தோலின்மேல் வைத்தாள். உள்ளே ஏதோ ரீங்கரித்தது. "வண்டு கத்துதா? ரொம்ப அமுக்குனா அது நின்னு போயிரும். லேசா அமுக்குனா ரத்தம் நிக்காது. ரத்தம் நிக்கோணும், வண்டு நிக்கக் கூடாது. இதுக்குப் படிப்பு ஒண்ணும் வேண்டாம், பொறுமைதான் வேணும்."

அஷ்வினி நோட்டை எடுத்தாள். பாப்பாத்தியின் முகம் மாறியது.

"இதை எழுதிப்போடாத அம்மிணி."

"ஏங்க்கா?"

"நான் ஆயா. ஊசி போட்ட எடத்த நான் தொடக் கூடாதுன்னு சட்டம் வெச்சிருக்காங்க. தெரிஞ்சா என்னையும் அனுப்பிருவாங்க, ரூபாவையும் அனுப்பிருவாங்க. அவளுக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க."

ரூபாவைத் தனியாகக் கேட்டபோது அவள் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாங்க மூணு பேர், இறங்குறது எட்டுப் பேர். நான் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா மெஷினை யார் பாக்குறது? பன்னெண்டுக்குள்ள அடுத்த ஆளு ஏறலேன்னா என்னைத்தான் கேப்பாங்க."

"உங்க பேர்லயே ஒரு பெட்டி போட்டுடட்டுமா?"

"மேல கேமரா இருக்கு மேடம். எட்டுப் பேருக்கும் பத்துப் பத்து நிமிஷம் ரூபா நின்னான்னு நீங்க எழுதினா, நான் எங்க நின்னேன்னு அவங்க பாப்பாங்க. விடுங்க. ஊசி எடுக்கிறது மூணு நிமிஷம்."

அஷ்வினி விட்டுவிட்டாள். படத்தில் 'ஊசி எடுத்தல்' என்ற பெட்டியிலிருந்து அம்பு நேராக 'எடை பார்த்தல்' என்ற பெட்டிக்குப் போயிற்று. நடுவில் இருந்த பத்து நிமிடம் அந்த அம்புக்குள் மறைந்தது. பேருந்தில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு பெண்களின் ரகசியத்தை மடியில் வைத்துக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டாள். நல்லவளாக இருப்பது அன்றைக்கு மிகவும் சுலபமாக இருந்தது.

நிரல் ஐந்து என்று சொன்னது. நெருக்கடியான நிமிடத்திலும் ஐந்து பேர் போதும்.

நஞ்சுண்டசாமி அந்த எண்ணை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பணிவானவர், யாரையும் நிற்கவைத்துப் பேசாதவர். அவரே எழுந்து காபியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உண்மையில் இதைவிட அதிகம் தேவைப்பட்டுவிடாதே, மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"தேவைப்படாது சார். கூடுதலாகச் சொன்னாலும் சொல்லும், குறைவாகச் சொல்லாது. நிரூபித்திருக்கிறோம்."

சந்துரு மேசைக்கடியில் அவள் காலை லேசாகத் தட்டிப் பாராட்டினான்.

மூன்று வாரம் கழித்துப் பாப்பாத்தி போன் செய்தாள். குரலில் எதுவும் இல்லை. "ஆசுபத்திரிக்கு எதுத்தாப்ல டீக்கடையில இருக்கறேன். வாறியா?" என்றாள்.

அஷ்வினி போனபோது பாப்பாத்தி சீருடையில் இல்லை. பூப்போட்ட புடவையில் அவளை அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று. அன்று காலைதான் கணக்குத் தீர்த்து அனுப்பியிருந்தார்கள். அவளையும் லிங்கம்மா என்கிற இன்னோர் ஆயாவையும். ஏழில் ஐந்து போக இரண்டு. டெக்னீஷியன்களுக்குப் பெட்டிகள் நிறைய இருந்தன, நர்ஸுக்கும் இருந்தன. ஆயாக்களுக்குத் தரை துடைப்பதும் விரிப்பு மாற்றுவதும்தான் இருந்தன. அவற்றுக்கு ஒரு ஆள் போதும் என்று படத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"உன்ற பொட்டி என்ன சொல்லுச்சு அம்மிணி?"

"அஞ்சு."

"என்ற கைய எண்ணலையா?"

"நீங்கதானேக்கா எழுத வேண்டாம்னீங்க."

"எழுத வேண்டாம்னுதான் சொன்னேன். எண்ண வேண்டாம்னா சொன்னேன்?"

டீக்கடைக்காரன் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்துவிட்டுப் போனான். இருவரும் தொடவில்லை.

"படிச்ச புள்ள, ஏதோ ஒரு பக்கம் சேத்துக்குவேன்னு நெனச்சேன்," என்றாள் பாப்பாத்தி. "போகட்டும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. திரும்ப எடுக்கறதா வேண்டாமான்னு இன்னும் ஒரு மாசம் பாத்துப்போட்டு முடிவு பண்றம்னு நிர்வாகி சொல்லியிருக்காரு. எப்படியாச்சும் ஏழுன்னு வர வெச்சுரு. எங்கள எழுதாம வர வெய்யி. உன்னால ஆகுமல்ல?"

"பாக்கறேன்க்கா."

"பாக்காத. செய்யி."

அலுவலகத்தில் சந்துருவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே கேட்டான். கடைசியில் சிரித்தான்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? தரை துடைக்கிறது எத்தனை நிமிஷம் போட்டிருக்கே?"

"ஆறு."

"பதினாறு போடு. விரிப்பு மாத்துறதுக்கும் அப்படியே இழுத்து விடு. கோடு நீளும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், ஏழு வரும். அஷ்டே, அவ்வளவுதான். மறுபடியும் அளந்தோம்னு ஒரு மெயில். யாரு கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கப் போறாங்க?"

"பொய் ஆயிடுமே."

"ஏழுங்கறது பொய்யா?"

"ஏழு நிஜம். ஆனா வழி பொய்."

"அம்மா தாயே, அந்தப் பாப்பாத்திக்கு வழியா வேணும்? வேலெ வேணும்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், தரை துடைத்தல் என்ற பெட்டியைத் திறந்து ஆறை அழிக்கப் போனபோது விரல் நின்றுவிட்டது. ஒன்பது மாதம் குழந்தைபோல் வளர்த்ததன் வாயில் பொய்யை ஊட்ட மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, சும்மா பார்ப்போமே என்று, புதிதாக ஒரு பெட்டி வரைந்தாள். 'துளையை அழுத்திப் பிடித்தல். பத்து நிமிடம்.' ஊசி எடுத்ததும் அம்பைப் பிரித்து, ஒரு கிளையில் இதை வைத்தாள். நிரலை ஓட்டினாள்.

ஏழு.

கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த அறையில் பதினோரு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த ஏழு பேரை, ஒருமுறைகூட அந்த அறையைப் பார்க்காத நிரல் சரியாக எண்ணிவிட்டது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுகை பாப்பாத்திக்காக என்றுதான் அப்போது நினைத்தாள். உண்மை இவ்வளவு அழகாக இருக்கும்போது, அதைப் பார்க்கிற யாரும் தலைவணங்காமல் இருக்க முடியாது என்றும் நினைத்தாள்.

பாப்பாத்திக்குப் போன் செய்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும்.

நஞ்சுண்டசாமி புதிய படத்தை வெகுநேரம் பார்த்தார். அஷ்வினி யார் பெயரையும் சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்கு எதிரே 'ஊழியர்' என்று மட்டும் போட்டிருந்தாள்.

"நல்லவேளை கண்டுபிடித்தீர்கள்," என்றார். குரலில் நிஜமான நன்றி இருந்தது. "இதை இதுவரை யார் செய்துகொண்டிருந்தார்கள்?"

"அது... மாறி மாறி, சார்."

"ரூபா செய்யவில்லை. அவள் அந்த நேரத்தில் மெஷின் பக்கம் இருப்பாள், நானே பார்த்திருக்கிறேன். ஆயாக்களா?"

அவள் பார்வையைத் திரைக்கு நகர்த்தினாள். அவருக்கு அதுவே பதிலாயிற்று. குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார். எழுதியதை அவள் தலைகீழாகப் படித்தாள். ரூபாவின் பெயர் இருந்தது.

"சார், இந்தப் பெட்டியைச் சேர்த்தால் ஏழு பேர் வேண்டும். அதைத்தான் சொல்ல வந்தேன். ஏழு பேரும் வேண்டும்."

"புரிகிறது மேடம். ஆனால் பத்து நிமிடம் விரலை வைத்துக்கொண்டிருப்பதற்கு எதற்குச் சம்பளம்? நோயாளியோடு ஒருவர் வருகிறார் இல்லையா, வெளியே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு? அவர் பிடிக்கட்டும். முறையாகச் சொல்லிக்கொடுத்து, கையெழுத்து வாங்கிவிடலாம். பெரிய இடங்களில்கூட அப்படித்தான் செய்கிறார்களாம்." பேனாவின் முனையால் திரையைத் தொட்டார். "இந்தப் பெட்டியை வெளியாட்கள் வரிசைக்கு நகர்த்த முடியுமா?"

முடியும். அந்த வசதியை வைத்ததே அவள்தான். கூரியர்க்காரர், வாடிக்கையாளர், வாசலில் காத்திருப்பவர், இவர்கள் செய்கிற காரியங்கள் படத்தில் இருக்க வேண்டும், ஆனால் நிறுவனத்தின் ஆட்கணக்கில் சேரக் கூடாது என்று யோசித்து, அவர்களுக்கென்று கீழே தனி வரிசை ஒதுக்கியிருந்தாள். சந்துரு மௌஸைப் பிடித்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டி மெல்ல இறங்கிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தது.

நிரலை ஓட்டினார்கள். ஐந்து.

"இப்போது விதிமீறலும் இல்லை," என்றார் நஞ்சுண்டசாமி. அவளுக்கு மறுபடியும் காபி வந்தது. பாப்பாத்தியைத் திரும்ப எடுப்பதா என்று ஒரு மாதம் பார்த்துச் சொல்ல இருந்த முடிவை அன்றைக்கே எடுத்துவிட்டார்: வேண்டாம்.

வெளியே வந்ததும் சந்துரு வண்டியைக் கிளப்பாமல் நின்றான். "தரை துடைக்க பதினாறு நிமிஷம்," என்றான். "ஒரே ஒரு எண்ணு. கேட்டியா நீ?" சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

அன்று மாலை பாப்பாத்தியை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் அப்படியே.

ஆறு வாரம் போனபின் மருத்துவமனையிலிருந்து இன்னொரு வேலை வந்தது. இந்த முறை அறுவை சிகிச்சை அரங்கு. டயாலிசிஸ் பிரிவில் எல்லாம் மிகச் சிறப்பாக நடக்கிறதென்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அஷ்வினி அரங்குக்குப் போகாமல் முதலில் டயாலிசிஸ் பிரிவு இருந்த இரண்டாம் மாடிக்குப் போனாள்.

பிரிவுக்கு வெளியே, கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் புதிதாக ஒரு பலகை. ஒவ்வொரு நோயாளியுடனும் உறவினர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அதன் கீழே மேசையில் ஒரு பதிவேடு. நோயாளி பெயர், உடன் வந்தவர் பெயர், உறவுமுறை, கையெழுத்து. அவள் பக்கங்களைப் புரட்டினாள். திங்கட்கிழமை: சகாயநாதன், தங்கை. கௌரம்மா, அண்ணன் மகள். தேவம்மா, நாத்தனார். செவ்வாய்க்கிழமை: வேறொருவருக்குச் சித்தி. உடன் வந்தவர் பெயர் இருந்த இடத்தில் எல்லாம் ஒரே கோணல் எழுத்து, பாப்பாத்தி, பாப்பாத்தி.

நிமிர்ந்தபோது எதிர் பெஞ்சில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

"படிச்சு முடிச்சிட்டியா?" என்றாள்.

"அக்கா..."

"சகாயநாதன் சம்சாரம் மெட்டில்டா டீச்சருக்குப் பள்ளிக்கோடத்துல வாரத்துக்கு மூணு நாளு லீவு குடுப்பாங்களா? தேவம்மாளுக்குப் பெத்த புள்ள துபாய்ல. கூட ஆள் இல்லாம வந்தா உள்ள விட மாட்டேன்னு ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க. அதுல ஒருத்தருக்கு மூச்சு முட்டிப்போச்சு. அப்பறந்தான் நோயாளிங்க எனக்கு ஆள் விட்டாங்க." புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். "நாலு நாளு ஒரு வேலைக்கும் போகாமப் படுத்துக் கெடந்தேன். இப்பப் பாரு, எட்டுச் சொந்தம்."

"எவ்வளவு குடுக்கறாங்க?"

"குடுக்கறத வாங்கிக்கறேன். முன்ன மாசம் பொறந்தா சம்பளச் சீட்டு. ஒடம்புக்கு முடியலைன்னா லீவு. இப்ப நோயாளிகிட்டக் கை நீட்டோணும். அவங்களே பாதி ஒசுரா எந்திரிச்சு வாறாங்க, பையத் தடவிக் காசு எடுக்கறதப் பாக்க முடியல. அமுக்கறது அதே கைதான். நீட்டத்தான் கூசுது."

"நான் உண்மையைச் சொன்னா உங்களைத் திரும்பச் சேத்துக்குவாங்கன்னு நெனச்சேன்க்கா. நிஜமா அப்படித்தான் நெனச்சேன்."

"உன்னை எவ உண்மையச் சொல்லச் சொன்னா?" பாப்பாத்தி குரலை உயர்த்தவில்லை. "ரூபாவுக்கு மெமோ குடுத்து ராத்திரி வேலைக்கு மாத்திட்டாங்க. புள்ளைங்கள மாமியாகிட்ட விட்டுப்போட்டு வாறா. என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறா. நாந்தான் காட்டிக் குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டா. நெனச்சுட்டுப் போகட்டும்."

உள்ளே மணி ஒலித்தது. பதினொன்று. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒரு கிழவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், கல்லூரிப் பையை மாட்டிய ஒரு பெண். பயந்த முகங்கள். கைக்குழந்தைக்காரி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "ரொம்ப அழுத்தணுமா, லேசாவா?" என்று யாரிடமோ கேட்டாள்.

"லேசாவும் வேண்டாம், ரொம்பவும் வேண்டாம். என் பக்கத்துல வந்து நில்லு, காட்டறேன்," என்றாள் பாப்பாத்தி. அஷ்வினியிடம் திரும்பி, "போயி உன்ற நிர்வாகிகிட்ட நல்லா நடக்குதுன்னு சொல்லு. பொய்யில்ல. நல்லாத்தான் நடக்குது," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கதவு திறந்தது. வாசலில் காவலாளி ஒவ்வொருவரையும் நிறுத்தி, யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து உள்ளே விட்டான். பாப்பாத்தியிடம் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே வழிவிட்டான். அவளுக்குப் பின்னால் அஷ்வினியும் இரண்டடி வைத்திருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. ஒருவேளை ஒரு கையையாவது பிடிக்கலாம் என்று இருக்கலாம்.

காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான்.

"நீங்க யாருக்கு மேடம்?"

அவள் உள்ளே பார்த்தாள். இரண்டு கட்டில்களுக்கு நடுவில் பாப்பாத்தி போய் நின்றுவிட்டாள்.

"யாருக்கும் இல்லை," என்றாள் அஷ்வினி.

"அப்படின்னா ஓரமா நில்லுங்க. வர்றவங்களுக்கு வழி வேணும்."

அவள் ஓரமாக நின்றாள்.